ஒத்தீலியாவின் ஐந்தாவது கல்யாணம்

ஒத்தீலியாவின் கல்யாணத்தை நான் நாலு தடவை பதிவு செய்திருக்கிறேன். நாலு தடவையும் மாப்பிள்ளை ஒரே ஆள்தான், ரொட்டிக்கடை இந்த்ரிக்கிஸ். ஐந்தாவது தடவை பதிவு செய்யக் கூடாது என்று நான் படாத பாடு பட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கார்க்லாவா மூவாயிரம் பேர் உள்ள ஊர். ரயில் நிலையம் இருந்து தொலைத்ததால், எந்தப் படை எங்கே போனாலும் இங்கே இறங்கிவிடும். இறங்கியவன் முதலில் நகரமன்றக் கோபுரத்தில் கொடியை மாற்றுவான். அடுத்து என் அறைக்கு வந்து பதிவேடுகளைப் புரட்டி முகம் சுளிப்பான். போன ஆட்சி எழுதியது எதுவும் செல்லாது என்பான். ஒரு அதிகாரி, இறந்தவர்களும் நேரில் வந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். ஒருவரும் வரவில்லை. அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

உயிரோடு இருந்தவர்கள் வந்தார்கள். ஒத்தீலியாவும் இந்த்ரிக்கிஸும் ஜார் காலத்தில், 1913இல், தேவாலயத்தில் மோதிரம் மாற்றினார்கள். அப்போது நான் அங்கே குமாஸ்தா. இரண்டு வருஷத்தில் ஜெர்மானியர்கள் வந்து அது செல்லாது என்றார்கள். பிறகு மூன்றே மாதம் இருந்த செம்படைக்காரர்கள், சாமியார் செய்து வைத்ததெல்லாம் கல்யாணமா என்று கேட்டார்கள். அப்புறம் எங்கள் சொந்தக் குடியரசு வந்தது. நம் ஆட்களாவது விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எல்லாரையும்விடக் கறாராக இருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் நான், "இவரைக் கணவனா ஏத்துக்கிறியாம்மா?" என்று கேட்டால், ஒத்தீலியா உடனே சரி என்று சொல்லிவிட மாட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன் தியோடோர் அண்ணே" என்பாள். பிறகு அவனைப் பார்த்து, "படுக்கையில சுருட்டு பிடிக்கிறத விடுறியா? விட்டா சரி, இல்லன்னா நான் கன்னியாவே இருந்துட்டுப் போறேன்" என்பாள். அப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்.

அப்படித்தான் இரண்டாவது கல்யாணத்தில் சுருட்டு போனது. மூன்றாவதில் அவன் வளர்த்த ஆடு போனது. நாலாவதில், அவன் ஊர்க்காவல் படையின் வாத்தியக் குழுவில் ஊதுகிற பெரிய பித்தளைக் குழல் வீட்டை விட்டுக் களஞ்சியத்துக்குப் போனது. ஆட்சி மாற்றத்தால் லாபம் அடைந்த ஒரே குடிமகள் அவள்தான் என்று ஊரே சொல்லும்.

1940இல் மறுபடி செங்கொடி ஏறியது. அதே செங்கொடி முன்பு தந்த காகிதமும் செல்லாதாம். பழைய கல்யாணங்களைப் புதுப்பிக்கச் சொன்னது மேலிடத்து உத்தரவா, எங்கள் ஊருக்கு வந்த அதிகாரியின் சொந்த உற்சாகமா, எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தடவை அவள் கேட்டது மீசையை. இந்த்ரிக்கிஸ் முடியவே முடியாது என்றான். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டிருக்க, பத்து மாதமாக இருவரும் ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டு, ஒரே கட்டிலில் படுத்து, காகிதத்தில் மட்டும் யாரோ எவரோவாக இருந்தார்கள்.

அடுத்த ஜூனில், நடுக்கோடையில் வரும் ஜான் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ரயில் நிலையத்தில் மாடு ஏற்றும் சரக்கு ரயில் பெட்டிகள் வரிசையாக வந்து நின்றன. காலையில் படைவீரர்கள் பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். பெயர் இருந்தவர்களைக் குடும்பத்தோடு ஏற்றினார்கள். எங்கே என்று சொல்லவில்லை. கிழக்கே, பனிக்காட்டுக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

பட்டியலில் இந்த்ரிக்கிஸ் இருந்தான். 'ஆயுதப் படை உறுப்பினர்' என்று போட்டிருந்தார்கள். ஆயுதம் அந்தப் பித்தளைக் குழல்தான். பக்கத்தில் 'திருமணம் ஆகாதவர், ஒரு நபர்' என்று இருந்தது.

பத்து மணிக்கு என் அறைக் கதவு படாரென்று திறந்தது. முன்னால் ஒத்தீலியா, கையில் மூட்டை. பின்னால் மாவு படிந்த சட்டையோடு இந்த்ரிக்கிஸ். அவனுக்குப் பின்னால் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒரு லெப்டினன்ட், இரண்டு துப்பாக்கிக்காரர்கள்.

"அண்ணே, எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க. சீக்கிரம். ரயில் போயிடும்" என்றாள்.

ஊரே அந்த ரயிலுக்குப் பயந்து காட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறது. இவள் அதில் இடம் பிடிக்க ஓடி வந்திருக்கிறாள்.

லெப்டினன்ட் களைத்துப் போயிருந்தார். "இந்த அம்மா நாலு சான்றிதழ் காட்டுறாங்க. நாலும் ஒழிஞ்சு போன ஆட்சிங்க குடுத்தது. என் கணக்குல ஒரு ஆள். காகிதம் இல்லாம அதிகமா ஒரு ஆளை ஏத்தினா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

இந்த்ரிக்கிஸ் அவளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"முத்திரை மை காஞ்சு போச்சு" என்றேன்.

"எச்சில் தொட்டுக் குத்துங்க" என்றாள் ஒத்தீலியா.

"ஒரு வாரம் முன்னாடியே நோட்டீஸ் போடணும்."

"எங்க நோட்டீஸ் இருபத்தெட்டு வருஷமா ஒட்டியிருக்கு. இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? அண்ணே, விளையாடாதீங்க."

லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "தோழரே, நடத்துங்க. செய்யலாம், இல்ல செய்ய முடியாது, ஏதாவது ஒண்ணு எனக்கு எழுத்துல வேணும்."

வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன். முதலில் அவளைக் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் சொன்னாள். "சம்மதம். மீசை இருந்துட்டுப் போகட்டும்."

அவனைக் கேட்டேன்.

"சம்மதமில்ல" என்றான் இந்த்ரிக்கிஸ்.

எனக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்து 'மணமகன் மறுத்தார்' என்று எழுத ஆரம்பித்தேன்.

"என்னய்யா சொன்னே?" என்றாள்.

"யாரும்மா நீ? லெப்டினன்ட் தோழரே, இந்தப் பொம்பளை என் கடைக்கு ரொட்டி வாங்க வருவா. வேற ஒண்ணும் தெரியாது."

அவள் மூட்டையைக் கீழே போட்டாள். "ரொட்டி வாங்க வர்றவளா நான்? உன் சாக்ஸுக்குக் குதிகால் பின்னிப் பின்னியே கண்ணு போனவ யாருடா? உங்கம்மாவுக்கு ஏழு வருஷம் கஞ்சி ஊத்தினது யாரு? களவாணிப் பயலே! நல்ல நேரம் பார்த்துக் கழட்டி விடுறியா என்னை?" முகம் சிவந்து, மூச்சு வாங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த்ரிக்கிஸ் சுவரைப் பார்த்தபடி நின்றான். கொஞ்ச நேரம் தாங்கினான். அப்புறம் அவனை அறியாமலே வாயைத் திறந்துவிட்டான், பாவி.

"கத்தாதேடி. காலையில நெஞ்சுவலி மருந்து குடிச்சியா, இல்லையா?"

துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த்ரிக்கிஸ் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அதனால் என்ன பிரயோசனம்?

லெப்டினன்ட் சிரிக்கவில்லை. "எனக்கும் வீட்டுல ஒருத்தி இருக்கா" என்றார். என் பேனாவையே வாங்கி, பட்டியலில் 'ஒரு நபர்' என்பதை அடித்து 'இரண்டு' என்று எழுதினார். "மனைவிதான். காகிதம் தேவையில்லை."

ஐந்து ஆட்சியில், காகிதம் கேட்காமல் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்று ஒப்புக்கொண்ட ஒரே அதிகாரி அவர்தான். நாசமாய்ப் போக.

நானும் அவர்கள் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் ஒத்தீலியா அவனைத் திட்டிக்கொண்டே நடந்தாள். தடித்த கம்பளிச் சட்டையை எடுத்து வைக்கவில்லையாம். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

நிலையத்தில் வேறொருவன் இன்னொரு பட்டியலோடு நின்றான். ஆண்கள் இரண்டாவது பெட்டி, பெண்கள் ஒன்பதாவது பெட்டி என்றான்.

"நான் அவரோட சம்சாரம்! பாருங்க, எழுதியிருக்கு!" என்றாள்.

"சம்சாரங்கிறதாலதாம்மா உங்களை ஏத்துறோம். பெட்டி வேற" என்றான்.

நான் முன்னால் போய் ஏதோ சொல்லப் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் தள்ளினார்கள். மை இருந்தது, முத்திரை இருந்தது, மறுபடி ஐம்பது தடவை வேண்டுமானாலும் அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைக்க நான் தயாராக இருந்தேன். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. நடைமேடையில் நின்று அழுதேன்.

வெளியிலிருந்து கதவுகளைப் பூட்டினார்கள். வண்டி கிளம்பவில்லை, வெயிலில் அப்படியே நின்றது. இரண்டாவது பெட்டியின் கம்பி ஜன்னலிலிருந்து அவன் குரல் வந்தது.

"ஒத்தீலியா! ஒத்தீலியா!"

ஏழு பெட்டி தள்ளி, நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் வந்தது.

"இங்கதான்யா இருக்கேன், கத்தாதே!"