கன்னத்தில் வைத்துப் பார்த்த விறகு

...இதுவும் ஈரம்தான், இல்லை, இது பரவாயில்லை, கன்னத்தில் வைத்தால் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் ஜூலை மாதத்துத் தாராவியில் எதுதான் சில்லென்று இல்லை, சுவர், பாய், தலையணை, நான்கூட... உள்ளங்கையை நம்ப முடியாது, பத்து வருஷம் தோல் கிடங்கின் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி அது மரத்துப்போய்விட்டது, அதனால் விறகில் ஈரம் பார்க்க எனக்குக் கன்னம்தான், விறகைக் கொஞ்சுற ஒரே ஆம்பிளை நீங்கதான் என்று பூமாரி கேலி செய்வாள், இன்றைக்குச் செய்யவில்லை. மடியில் பிள்ளை. பிறந்து முப்பத்திரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் நெஞ்சில் கீச்கீச்சென்று ஒரு சத்தம், புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ரேஷனில் மண்ணெண்ணெய் வந்து மூன்று வாரம் ஆகிறது, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போடாமல் இருக்க முடியுமா, ஒரே அறை, புகைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சேலைத் திரை. இங்கேயே பக்கத்தில் சுனாபட்டியில் இருக்கிற அவள் அண்ணன் பூலோகம் நாளைக்கு ஊருக்கு ரயில் ஏறுகிறார், இவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார், மழை முடியிற வரைக்கும் அங்க இருக்கட்டும் மாப்ளே என்றார், அதாவது தீபாவளி வரைக்கும், அதாவது என் மகள் குப்புற விழுகிறதை யார் யாரோ பார்ப்பார்கள், நான் பார்க்கமாட்டேன்... "நீங்க விறகப் பாருங்க. காஞ்சிருந்தா இருக்கேன், ஈரம்னா அண்ணன்கூடப் போயிருதேன்" என்றாள் பூமாரி. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது டங்கென்று கேட்கும், ஈரம் தொப்பென்று கேட்கும். டங், காய்ந்ததில் போடு. தொப்... இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டிப் பார்ப்போமே, இப்போது டங் மாதிரிதானே கேட்டது, போடு காய்ந்ததில். அடப்பாவி, ஈரக்கட்டையை அடித்து வாக்குமூலம் வாங்குகிறேனே, இதை யாரிடம் போய்ச் சொல்ல? காய்ந்ததில் பதினெட்டு சேர்ந்துவிட்டது, அதில் ஐந்தாறு பொய் என்று எனக்கே தெரியும். கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவிக் கன்னத்தில் வைத்தேன், சுட்டது. காலையில் மழையோடு கடையிலிருந்து தூக்கி வந்த கட்டு, இது எப்படிச் சுடும்? நுனியில் கரி, இன்னொன்றிலும் கரி. நான் குளிக்கப் போன நேரத்தில் சோற்றை இறக்கிவிட்டுக் கங்கின்மேல் போட்டுக் காயவைத்திருக்கிறாள், பிறகு ஒன்றும் தெரியாதவள் போலக் கட்டுக்குள் சொருகிவிட்டாள்.

"நீயாட்டி இத அடுப்புல வச்சே?"

"ரெண்டு கட்டதான" என்றாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு மெதுவாக, "காஞ்சிருக்கா?"

போகிறேன் போகிறேன் என்றவள் இவள்தானா, எனக்கு அவளை அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, இந்த வீட்டில் என்ன இருக்கிறதென்று இருக்க ஆசைப்படுகிறாள், நான் இருக்கிறேன், அவ்வளவுதானே... காய்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவாள், நம்பத் தயாராகத்தான் காத்திருக்கிறாள். அவள் கண்டுபிடித்து மறுப்பாள் என்றல்லவா நான் இவ்வளவு தைரியமாகப் பொய்க்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், அவளும் நான் மறுப்பேன் என்று நம்பித்தானே கங்கில் வைத்தாள்... மடியில் பிள்ளை ஒருதரம் கீச்சிட்டு மூச்சு வாங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்தோம், பிள்ளையின் கட்சியில்தான் ஆளில்லை.