நான்கு மூலை மஞ்சள்

இன்னும் ஐந்தே வருடத்தில் ஜாதகம் இந்தியாவிலிருந்து ஒழிந்துவிடும் என்று 1996-இல் ஸ்ரீவத்சன் மயிலாப்பூர் குளக்கரையில் அறிவித்தான். குளத்தில் தண்ணீரில்லாமல் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலம் அது. மரபணுவியல் படிக்கிறவன் சொல்கிறானே என்று நண்பன் பிரணவ் சுண்டல் மெல்வதை நிறுத்தினான்.

"மரபணு ஒரு சேதி அனுப்பறது மச்சி. நடுவுல இருக்கற வேண்டாத வரியை செல் வெட்டிட்டு மிச்சத்தை ஒட்டிக்கும். ஒரு எழுத்து மாறினா வெட்டற இடம் தப்பிடும், ரத்தம் சரியா ஊறாது. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் அந்தத் தப்பு இருந்தா, நாலுல ஒரு குழந்தைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். எந்த ஜோசியர் இதைப் பார்ப்பார்?"

அவன் வீட்டில், வரன் பார்க்க அனுப்பவிருந்த அக்காவின் ஜாதகத்துக்கு அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

"செவ்வாய் வழுக்கிண்டு போயிடுமா?" என்றான் ஸ்ரீவத்சன்.

"சிரிச்சுண்டே இரு" என்றாள் அம்மா.

செய்முறை வகுப்பில் மாணவர்கள் தங்கள் ரத்தத்தையே சோதித்தபோது அந்தத் தப்பு அவனிடமே இருந்தது. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது என்பதால் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவன் கட்டிக்கொள்ள நினைத்த நீரஜா இருந்தாள். தினமும் அடையாறு வரை ஐந்து பி பஸ்ஸில் கூட வருபவள். அவளும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்த உறையை பஸ்ஸிலேயே அவன் கையில் திணித்தாள்.

"நீயே பிரி."

வீட்டுக்கு வந்தபோது அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். ஸ்ரீவத்சன் உறையைப் பிரிக்காமல் சுவாமி அலமாரி முன் உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்தான். உறையின் மூன்று மூலை ஆயிற்று. நான்காவதில் கொஞ்சம் அதிகமாகவே தடவினான்.