பனிக்கு முந்திய கதிர்

புரட்டாசி வெயில். கதிர்மேல் வெயில். வரப்பில், வாய்க்காலில், கண்ணைத் திறக்கவிடாத மஞ்சள் வெயில்.

பயிர் இடுப்பளவு. ஒரு தூர்கூடச் சாயவில்லை. வெண்ணாற்றங்கரையில் சீரகச் சம்பா இப்படி நிமிர்ந்து நின்று விளைவது இதுதான் முதல் முறை. நெல் ஆராய்ச்சி செய்கிற ஜெசிந்தாவின் பதினொரு வருஷம் அந்த ஒன்றரை ஏக்கரில் நின்றது.

பழைய சம்பா ஆள் உயரம். ஐந்து மாதம். அறுக்கும் சமயம் ஒரு மழை போதும், படுத்துவிடும்.

"சாயாத சம்பா ஒண்ணு குடுங்க டாக்டரம்மா. மழைக்கு முன்னாடி அறுக்கிற மாதிரி" என்று கேட்டவர் இந்த வயல்காரர் அடைக்கலசாமி. கேட்டதைக் கொடுத்தாள். குட்டை நெல்லோடு ஒட்டுச் சேர்த்து, கழித்து, மறுபடி விதைத்து, மறுபடி கழித்து. நூறே நாளில் அறுவடை.

அறுத்தார்கள். குத்தினார்கள். அவர் மனைவி ரோசம்மா உலை வைத்தார். வெறும் சோறுதான், உப்புகூட வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். இந்த அரிசிக்கு வாசம்தானே உயிர்.

மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஏலக்காய் வாசம்.

ரோசம்மாவைப் பார்த்தாள். அவர் அடுப்பைப் பார்த்தார்.

"கொதிக்கிறப்பவே மோந்து பாத்தேன். ஒண்ணுமே வரலை. ஆசையா வருவீங்களேன்னு ரெண்டு தட்டிப் போட்டேன்."

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்று அடைக்கலசாமி இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டார். அந்த இன்னொரு கைதான் அவளை அழவைத்தது.

கைக்கு எட்டியது மூக்குக்கு எட்டவில்லை. ஏன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை.

வெள்ளம் ஏறாத ஆராய்ச்சி வயலில் அவள் வருஷா வருஷம் முகர்ந்ததெல்லாம் தை மாதக் கதிர். மார்கழிப் பனியில் பால் பிடித்த கதிர். வாசம் விதையில் பாதி, பனியில் பாதி. இங்கே பால் பிடித்தது ஆவணிப் புழுக்கத்தில்.

"அப்ப தள்ளி விதைச்சிடலாமே?" என்றார் ரோசம்மா, அவள் காரணத்தைச் சொன்னதும்.

தள்ளி விதைத்தால் ஐப்பசி வெள்ளம். குட்டைப் பயிர் முழுகிவிடும். பழைய சம்பா அதற்குள் ஆள் உயரம் வளர்ந்து, தண்ணீருக்கு மேலே தலையை வைத்திருக்கும். நீட்டினால் சாயும். குறுக்கினால் மணக்காது. யாரிடம் போய் ஆவணியில் பனி கேட்பாள்?

மழை வந்தது. வெள்ளம் வந்தது. வயலில் விட்டிருந்த தாள் அழுகியது.

மார்கழியில் ஒரு காலை, மனசு கேளாமல் போனாள். வரப்போரம், மேட்டில், அறுத்த தாளிலிருந்து மறுதாம்பு துளிர்த்திருந்தது. நாலே நாலு கதிர். முற்றியும் முற்றாததுமாக. நாலின்மேலும் பனி.

ஒரு மணியைக் கசக்கி முகர்ந்தாள்.

வாசம் இருந்தது. குறையே இல்லாமல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.