வீடு பின்னால் வருகிறது

நான் எட்டாவதோடு நின்றவள். நடந்ததை முன்னுக்குப் பின்னாகச் சொல்லி, கேட்கிறவர்கள் என் வீட்டுக்காரர் மேல் குற்றம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. குற்றம் அவர் மேல் இல்லை. அதனால் ஊருக்கே தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் சந்தோஷமாக ஓடினால், அவர் பேரில் பட்டா உள்ள வீடு அவர் பின்னால் வரும்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் வராது. நாய்க்குப் பயந்து ஓடினால் வராது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நடந்தால் போதாது, ஓடுங்கள் என்றார் டாக்டர். சர்க்கரைக்காக ஓடினாலும் வராது. இரண்டு மாதம் கண்மாய்க்கரையில் ஓடினேன். அப்பா எனக்கு எழுதிவைத்த வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே நாங்கள் இரண்டு பேர். மாடியில் ஜெயசீலி குடியிருக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது கிலோமீட்டரில் மடையைத் தாண்டியதும் மூச்சு இளைப்பது நின்றது. கால்கள் என்னைக் கேட்காமலேயே போயின. தண்ணீரில் நாரைகள் நின்றன. சர்க்கரையை மறந்துவிட்டேன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

வீடு கரைமேல் பார்த்துப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றார்.

"என்ன செண்பகம், சந்தோஷமா?"

"இல்லங்க" என்றேன். வீடு அங்கே நிற்கும்போது அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஜெயசீலி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மாசமா எப்ப கிளம்பும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா. அடுத்த தடவ சொல்லிட்டு சந்தோஷப்படுங்க. அடுப்புல பால் இருந்துச்சு."

வெட்கம் வந்துவிட்டால் வீடு தானாகத் திரும்பிவிடும், நமக்கு முன்னாலேயே. தெருவில் எல்லோரும் முதலில் வீட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னை.

ஓடுவதற்கு முன் கரண்ட் ஒயரையும் தண்ணீர்க் குழாயையும் கழற்றிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். நான் கழற்றவில்லை. ஒயர் அறுந்து மதியம் வரை தெருவுக்கே கரண்ட் இல்லை. மின்சார ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள்.

"எத்தன மணிலருந்து எத்தன மணி வரைக்கும்மா சந்தோஷம்?" என்று லைன்மேன் கேட்டார்.

"நான் சர்க்கரைக்குத்தான் தம்பி ஓடுறேன்."

"அப்ப ஒயர் எதுக்கு அறுந்துச்சு? நேரத்தச் சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்குது."

ஆறே கால் முதல் ஆறே முக்கால் என்று எழுதினேன். அதைச் சுவரில் ஒட்டினார்கள்.

அப்போதே விட்டிருக்க வேண்டும். ஆனால் தை மாதம் ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் என்றார்கள், பேர் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை, தையல் வகுப்பை முடிக்கவில்லை. இது ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. பாதை கடைத்தெரு வழியாகப் போகிறது. அங்கே வீடு வந்துவிடக் கூடாது. அதனால் கவலையோடு ஓடிப் பழகினேன்.

கவலைப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதல் கிலோமீட்டரில் கேஸை மூடினேனா என்று நினைத்தேன். இரண்டாவதில் மொட்டைமாடித் தொட்டியில் விழுந்த விரிசல். மூன்றாவதில் அவருடைய ரத்தக் கொதிப்பு. நான்காவதுக்கு ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வருடம் கவலைப்பட்டிருக்கிறேன், எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்குத்தான் வந்தது.

ஜெயசீலியிடம் கேட்டேன். அவள் அம்மாவின் மூட்டுவலியையும் மகனின் கணக்குப் பரீட்சையையும் தந்தாள். "பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்கக்கா, எனக்கு வேற இல்ல."

பந்தயத்தன்று அவை ஐந்து கிலோமீட்டர் வரை தாங்கின. ஆறாவதில், கடைத்தெருவுக்குள் நுழையும்போது, பழையபடி கால்கள் தாமாகப் போக ஆரம்பித்தன. எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வீடு வந்துவிட்டது. கழுவாத பாத்திரங்கள் தெரிந்தன. கொடியில் என் பாவாடை பறந்தது.

"வீட்ட ஓரமா ஓட்டும்மா, கட மறைக்குது" என்றார் பூக்கடைக்காரர்.

 என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஜன்னலாக உள்ளிருந்து சாத்திக்கொண்டே வந்தார். எட்டாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டேன். வீடு திரும்பிக்கொண்டு எனக்கு முன்னால் போனது.

சாயங்காலம் ஒரு வார்த்தைதான் கேட்டார். "ஒயர முன்னாடியே கழட்டி வச்சிருக்கியே, செண்பகம்."

ஆமாம், கழற்றித்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் பத்திரம் எழுதும் இடத்துக்குப் போனோம். இப்படி வருகிறவர்களிடம் கேட்கும் கேள்வியைத்தான் எழுத்தர் எங்களிடமும் கேட்டார். "வீட்ட அவர் பேருக்கு மாத்தணுமா, சந்தோஷத்தையா?"

வீட்டை எழுதிக் கொடுக்க எனக்குப் பயம். நாளைக்கு ஒன்று என்றால் எங்கே போய் நிற்பது? "சந்தோஷத்த எழுதுங்க" என்றேன். நான்கு எல்லையும் கேட்டார்கள். கிழக்கே கண்மாய், மேற்கே மூன்றாவது கிலோமீட்டர், வடக்கே நாரைகள், தெற்கே கடைத்தெரு என்று சொன்னேன். ஜெயசீலி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது பத்துக் கிலோமீட்டரும் ஓடி முடிக்கிறேன். எந்த நேரத்திலும் ஓடலாம், யாரிடமும் தாள் கொடுக்க வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. எல்லாம் நேராக அவருக்குப் போய்விடுகிறது.

போன வாரம் ஏழாவது கிலோமீட்டரில் போன் அடித்தது. அவருடைய மேனேஜரின் அம்மா இறந்துபோயிருந்தார்.

"செண்பகம், நில்லு" என்றார் மெல்லிய குரலில். "துக்க வீட்ல இருக்கேன். மால போடும்போது சிரிச்சுட்டேன். எல்லாரும் பாக்குறாங்க."

நின்றேன். அதிலிருந்து, கிளம்புவதற்கு முன் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொள்கிறேன். துக்க வீடு என்றால் நடக்கிறேன்.