கஸ்தூரி காருக்கு மூக்கு வைத்த கதை

அருப்புக்கோட்டையில் சேலைக்கடை வைத்திருக்கும் கஸ்தூரிக்குப் பங்குனிப் பொங்கல் என்றால் சாமி ஞாபகம் அப்புறம்தான் வரும். முதலில் வருவது வேலாங்கரிசல் ஊர்ப் பெண்கள். முளைப்பாரி எடுக்கிற நூற்று நாற்பது பேரும் ஒரே நிறத்தில், ஒரே கரையில் சேலை கட்டுவார்கள். எந்தக் கடையில் எடுப்பது என்பதை மாசியில் ஒரு நாள், நூறு நாள் வேலை முடிந்து வந்து, நாடகமேடை நிழலில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். கடைக்காரர்கள்தான் சேலையைக் கொண்டுபோய் விரிக்க வேண்டும். இரண்டு மணி என்றால் இரண்டு மணி. அதற்கு மேல் அவர்களுக்கு மாடு இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

பத்து வருஷமாக அந்த ஆர்டர் கஸ்தூரிக்குத்தான். போன வருஷம் திருச்சுழி தாண்டியதும் அவளுடைய பழைய வெள்ளைக் கார் கொதித்து நின்றுவிட்டது. அவள் கொழுந்தன் சங்கர், பங்கு பிரித்துக்கொண்டு எதிர்வரிசையிலேயே கடை போட்ட புண்ணியவான், தன் ஜீப்பில் அவளைத் தாண்டிப் போனான். நிற்கவில்லை. ஹாரன் மட்டும் நீளமாக அடித்தான். அவள் லாரி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய மஞ்சள் சேலையை எடுத்து முடித்திருந்தார்கள். அன்று ராத்திரி அவள் அழுத அழுகை தலையணைக்குத்தான் தெரியும். இந்த வருஷமும் தவறினால் அந்த ஊர் கைவிட்டுப் போனதுதான். ஒரு வருஷம் மாறினால் தவறு என்பார்கள், இரண்டு வருஷம் மாறினால் வழக்கம் என்பார்கள்.

“எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாப்போம்” என்றார் கணவர் அருஞ்சுனை. கஸ்தூரி கேட்கவில்லை. முந்நூறு சேலை கசங்காமல் பிடிக்கிற டிக்கி வேறு எந்தக் காரில் இருக்கிறது? பழைய எஞ்சினை இறக்கிவிட்டு ஒரு டீசல் எஞ்சினை ஏற்றி, ஆர்டிஓ ஆபீசுக்கு நாலு நடை நடந்து வண்டிப் புத்தகத்திலும் மாற்றி வாங்கினாள். காலையில் கார் குதிரையாகப் பறந்தது. மத்தியானம் ஆனால் மட்டும் இழுவை செத்துப்போனது.

மெக்கானிக் ஆண்டிச்சாமி பானெட்டைத் திறந்து காட்டினான். பழைய காற்று வடிகட்டி இந்த எஞ்சினுக்குச் சேராததால் தற்காலிகமாக ஒன்றை உள்ளேயே மாட்டியிருந்தான்.

“ரேடியேட்டர் சூட்டுல வெந்த காத்தைக் குடிக்குதுக்கா. வெளியில இருந்து குளுந்த காத்தா குடுத்தோம்னா போதும். முன் பம்பருக்குக் கீழ ஒரு பைப்பு விட்டு வடிகட்டிய அங்கன மாட்டிருவோம். உங்க கொழுந்தனார் ஜீப்புக்குப் போன மாசம் அப்படித்தான் வச்சேன். மதுரை ரோட்டுல பறக்குது.”

“மதுரை ரோட்டுல யாரு கதிரு காயப் போடுறா? திருச்சுழிக்கு அங்கிட்டு ரோடு பூரா கதிரும் சருகுமால்ல கிடக்கு” என்றாள் கஸ்தூரி.

அவன் தலையைச் சொறிந்தான். கஸ்தூரிக்கு எஞ்சின் தெரியாது. துணி தெரியும், துணியில் படிகிற அழுக்கும் தெரியும். கடையிலிருந்து மூன்று வெள்ளை ப்ளவுஸ் பிட்டு கொண்டுவந்தாள். ஒன்றைப் பானெட்டுக்குள் கட்டினாள், ஒன்றைப் பம்பருக்குக் கீழே, ஒன்றை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நட்டு அதன் உச்சியில். உச்சிவெயிலில் வேலாங்கரிசல் வரை போய்த் திரும்பி வந்து, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரி மூன்றையும் பட்டறை மேஜையில் விரித்தாள்.

முதல் துணி இஸ்திரி போட்டு எடுத்ததுபோல் சுட்டது. இரண்டாவது சுடவில்லை, ஆனால் துணி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கொத்தமல்லிச் சருகும் குதிரைவாலி உமியும் அதில் அப்பிக் கிடந்தன. மூன்றாவது சுடவும் இல்லை, உதறியதும் தூசி போய்விட்டது.

“இதை நாளைக்கே மடிச்சு வச்சு வித்துருவேன்” என்றாள். பிறகு பட்டறையில் நின்ற டிராக்டரைக் காட்டினாள். அதன் தலையில் கண்ணாடி போன்ற ஒரு கிண்ணம் இருந்தது. காற்று அதற்குள் சுழலும்போது சருகும் மண்ணும் அடியில் தங்கிவிடும். “உசரத்துல பைப்பு விட்டு, தலையில அந்தக் கிண்ணியை மாட்டு. வடிகட்டி உள்ள மூடின டப்பாவுல இருக்கட்டும்.”

“காருக்கு டிராக்டர் கிண்ணியா? கல்யாணப் பொண்ணுக்குக் கொம்பு வச்சாப்புல இருக்கும்க்கா.”

“இருக்கட்டும். என் காரை யாரு பொண்ணு பாக்க வாரா?”

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கார் தெருவில் வந்ததும் டீக்கடையே எழுந்து வந்து பார்த்தது. கப்பல் என்றார்கள், புகைபோக்கி என்றார்கள். சங்கர் தன் கடைவாசலில் நின்றுகொண்டு, “மதினி, உழவு எப்ப?” என்று கேட்டான்.

“உழவு முடிஞ்சது கொழுந்தனாரே. அறுப்பு மாசியில. உங்க ஜீப்பு மூக்கு கீழ இருக்கு, சருகை இழுத்துரும். ஆண்டிச்சாமிகிட்டச் சொல்லி மாத்திக்கிடுங்க.”

அவன் சிரித்த சிரிப்பு அவள் வீடு போகும்வரை காதில் கேட்டது.

அந்த நாளும் வந்தது. பன்னிரண்டேமுக்காலுக்குக் கஸ்தூரி டிக்கி நிறையச் சேலையோடு கிளம்பினாள். திருச்சுழிக்கு முன்னால் சங்கரின் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டியது. அவள் விட்டுவிட்டாள்.

திருச்சுழி தாண்டியதும் தார்ரோடே களமாகிவிட்டது. மாசியில் அங்கே அப்படித்தான். கொத்தமல்லியையும் குதிரைவாலியையும் ரோட்டை அடைத்துப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கூலி வாங்காமல் கதிரடித்துக் கொடுக்கும். ஓரமாக ஒதுங்கிப் போனால் கோபித்துக்கொள்வார்கள். முறத்தோடு நின்ற ஒரு அம்மா, “நடுவுல ஏத்திப் போ தாயி” என்று கையைக் காட்டினாள். கஸ்தூரி நடுவில் ஏற்றினாள். சருகு பறந்து கண்ணாடியை மறைத்தது. கிண்ணத்துக்குள் உமி கரகரவென்று சுற்றியது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிலோமீட்டர் போனது, இரண்டு போனது. உச்சிவெயிலில் எஞ்சின் முனகக்கூட இல்லை. காலையில் ஓடுவது போலவே ஓடியது.

வளைவில் சங்கரின் ஜீப் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. அவன் பம்பருக்குக் கீழே மல்லாந்து படுத்து, வடிகட்டியிலிருந்து சருகைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தானியத்தைக் காயப் போட்டிருந்த குதிரைவாலிக்காரர், “எந் தவசத்து மேல எதுக்குய்யா நிப்பாட்டுன, நகட்டு” என்று கத்திக்கொண்டிருந்தார்.

மணி ஒன்று நாற்பது. கஸ்தூரியின் கை ஹாரனுக்குப் போனது. என்னைக் கேட்டால் ஆசைதீர அடித்துவிட்டுப் போயிருக்கலாம், பாவமே கிடையாது. அவள் காரை நிறுத்தினாள்.

“ஏறுங்க கொழுந்தனாரே. சேலை மூட்டையையும் தூக்கிட்டு வாங்க.”

சங்கர் உமி படிந்த முகத்தோடு எழுந்தான். “நானும் வந்தா ஆர்டரு யாருக்குன்னு...”

“ஜீப்பு நின்னதால ஜெயிச்சேன்னு பேரு எனக்கு வேணாம். அங்க வந்து விரிங்க.”

இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் நாடகமேடை முன்னால் நின்றது. முளைப்பாரிக்குத் தலைமையான பொன்னுத்தாய், பங்கு பிரித்த இருவரும் ஒரே காரில் இறங்குவதைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தாள். பிறகு காரின் கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடி உமி கிடந்தது.

“எங்க ஊருத் தவசத்துல பங்கு எடுத்துட்டுல்ல வந்திருக்கா” என்றாள். மேடையே சிரித்தது.

சங்கர் ரோஸ் நிறத்தை விரித்தான். கஸ்தூரி மயில்கழுத்துப் பச்சையில் அரக்குக் கரையை விரித்தாள். நிறம் இரண்டுமே பிடித்திருந்தது. ஆனால் பொன்னுத்தாய்க்குப் போன வருஷத்து மஞ்சள் ஞாபகம் இருந்தது. “மொத அலசல்லயே சாயம் வாளியோட போயிருச்சு. வெள்ளைத் துணி ஏதாச்சும் இருக்கா?”

கஸ்தூரி காருக்குள் வைத்திருந்த அந்த மூன்றாவது ப்ளவுஸ் பிட்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு சேலையின் முந்தியையும் செம்புத் தண்ணீரில் நனைத்து, துணியின் இரண்டு பக்கத்திலும் தேய்த்தார்கள். ஒரு பக்கம் ரோஸாகிப் போனது. மற்றப் பக்கம் வெறும் ஈரம்தான்.

“நூத்தி நாப்பது பச்சை” என்றாள் பொன்னுத்தாய். “அடுத்த வருசமும் நீயே வா தாயி. அந்தக் கிண்ணியோட வா, அப்பத்தான் தூரத்துலயே அடையாளம் தெரியும்.”

கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். இந்த முறை மறைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது சங்கரை அவன் ஜீப் பக்கத்தில் இறக்கிவிட்டாள். அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மதினி, இந்தக் கிண்ணி எங்க கிடைக்கும்?”

“டிராக்டர் சாமான் கடையில. அசிங்கமாத்தான் இருக்கும், பரவாயில்லையா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் கியரைப் போட்டாள். உதவி செய்தாயிற்று, ஆர்டரும் கையில் இருக்கிறது, இனி என்ன தயக்கம்? அவனைத் தாண்டும்போது ஹாரனில் கையை வைத்தவள், அடுத்த களம் வரும்வரை எடுக்கவே இல்லை.