பந்தயத்தில் ஓடிய கைப்பை

'மீனில் உப்பு கம்மின்னு சொன்னீங்களே மைனி, தட்டுல முள்ளுகூட மிச்சமில்லையே? உப்பில்லாத மீனை முள்ளோட தின்ற ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்.'

மர்ஜானா இதை ஜுலைஹா பீவியின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். நேற்று மதியம் வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, இன்று காலை வேனில் வரும்போது கஃபெட்டீரியா ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, கைப்பையின் உள் ஜிப்புக்குள் போட்டுவிட்டாள். அது முப்பத்தொன்றாவது சீட்டு. கணவனின் அக்கா மூன்று மாத விசிட் விசாவில் தோஹாவுக்கு வந்த நாளிலிருந்து சேர்ந்தவை. நஜ்மாவில் இருந்த அந்த இரண்டு அறை ஃபிளாட்டில் பிரிட்ஜ், பீரோ, தலையணை உறை எல்லாவற்றையும் மைனி திறந்து பார்த்தாயிற்று. அந்த மெரூன் கைப்பை ஒன்றுதான் பாக்கி. அதனால் அது அவளுக்குக் கைப்பை மட்டுமல்ல, மூன்றாவது அறை.

இப்போது அந்தப் பை வலது தோளிலும், ஆறு துணிப்பைகள் இடது கையிலும் தொங்க, அல் கோர் போகும் சாலையோரம் பாலைவனக் காற்றில் அபாயா படபடக்க நின்றிருந்தாள்.

பிப்ரவரியில் பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் ஒன்று கத்தாருக்கு வந்திருந்தது. அந்த வருஷத்து சீசனின் முதல் பந்தயம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் அணிக்கு அவள் கணவன் நிஜாமின் கஃபெட்டீரியாதான் வெறும் சோறும் அவித்த கோழியும் கொடுத்தது. அணிக்காரிகளுக்கு வழியில் சாப்பாட்டுப் பை நீட்டுகிற பெண் வேறெங்கோ இறால் தின்று படுத்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் நாற்பது பார்சல் கட்டிக் கொடுக்கும் மர்ஜானாவைப் பார்த்திருந்த மேனேஜர் பிரிகிட்டே, இவள் வரட்டும் என்று கேட்டாள். "கூட்டிட்டுப் போங்க மேடம், நோ ப்ராப்ளம்" என்று நிஜாம் மர்ஜானாவைக் கேட்காமலே சொல்லிவிட்டான்.

"பச்சைச் சட்டைக்கு மட்டும். ஒன்லி கிரீன்" என்று பிரிகிட்டே மூன்று முறை சொன்னாள். மர்ஜானா மூன்று முறையும் தலையாட்டினாள். பன்னிரண்டு வருஷ கல்ஃப் வாழ்க்கையில் அடுப்படிக்கு வெளியே கிடைத்த முதல் டியூட்டி.

கூட்டம் வந்தது. நூறு சைக்கிள்கள் ஒரே சத்தமாக. ஆரஞ்சுச் சட்டைக்காரி ஒருத்தி, தள்ளி நில் என்று கையை நீட்டினாள்.

கீழக்கரையில் தர்காவுக்கு நேர்ந்து ஆக்கும் நார்சாச் சோற்றை வந்தவர்க்கெல்லாம் கொடுத்து வளர்ந்த கை மர்ஜானாவுடையது. நீட்டின கை யாருடையது, எந்தத் தெரு என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. வெறுங்கையாய் அனுப்புகிற வழக்கமும் இல்லை. பிஸ்மி சொல்லிப் பையைக் கொடுத்தாள். அதைப் பார்த்த நீலச் சட்டைக்காரி சும்மா நீட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கிடைத்தது. அப்புறம் மஞ்சள், வெள்ளை, இன்னொரு நீலம், கோடு போட்ட ஒன்று. பச்சைச் சட்டை ஐந்தும் நடுவில் எங்கோ சிக்கி, கைக்கு எட்டாமல் போய்விட்டன. கூட்டம் தாண்டியதும் எல்லாரையும் நல்லபடியாக அனுப்பிவைத்த நிம்மதியில் மர்ஜானா மூச்சு விட்டாள்.

அப்போதுதான் ஹெல்கா தனியாக வந்தாள். பஞ்சராகிப் பின்தங்கிய அணித் தலைவி. பச்சைச் சட்டை. கை நீண்டிருந்தது.

மர்ஜானாவின் இடது கையில் ஒன்றும் இல்லை. வலது கை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மெரூன் பை தோளிலிருந்து கழன்று, ஹெல்காவின் தோளில் ஏறி, சாலையோடு போய்விட்டது.

"ரப்பே, என் சீட்டு!"

பிரிகிட்டே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே விரட்டினாள். முன்கண்ணாடி வழியே ஹெல்கா பைக்குள் கைவிட்டுத் துழாவுவது தெரிந்தது. மர்ஜானா சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வசவும் கத்தார் முழுக்கப் பறந்தால் எவன் கையிலாவது சிக்கும். சிக்குகிறவன் நிச்சயம் கீழக்கரைக்காரனாகத்தான் இருப்பான்.

ஆனால் வெளியே வந்தது அவளுடைய மதிய உணவு. முட்டை வைத்துச் சுருட்டிய ரொட்டி. ஹெல்கா இரண்டே கடியில் முடித்தாள். அடுத்து வந்தது மொபைல். அது அடித்துக்கொண்டிருந்தது. ஹெல்கா அதைக் காதில் வைத்தாள். பிரிகிட்டே தன் மொழியில் ஏதோ கத்தினாள். மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஏதோ.

ஹெல்கா மூச்சிரைக்கக் கேட்டுவிட்டுப் பைக்குள் போட்டாள். அது மறுபடி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று தெரியாத ஹெல்கா, பந்தயத்தை முடித்தால்தான் இந்தச் சனியன் விடும் என்று நினைத்தவள் போல மிதித்தாள். ஓயாத மணியோடு தோளை உரசி வருகிற கைப்பைக்காரிக்கு எல்லாரும் வழிவிட்டார்கள். அல் கோரில் அவள் முதலாவதாக வந்தாள்.

முடிவுக் கோட்டுக்கு அப்பால், மாவு படிந்த சட்டையோடு நிஜாம் நின்றிருந்தான். பக்கத்தில் ஜுலைஹா பீவி.

"மசாலா டப்பா எங்கேன்னு கேட்க போன் போட்டா, ஹூ ஹூன்னு மூச்சு வாங்குது! நாய் துரத்துதோன்னு நினைச்சுக் கடையைச் சாத்திட்டு வந்தேன்!" என்றான் நிஜாம்.

"மேல் தட்டுல, டீத்தூளுக்குப் பின்னால, மச்சான்" என்றாள் மர்ஜானா. அவள் கண் பையிலேயே இருந்தது.

ஜுலைஹா பீவி அதற்குள் ஹெல்காவின் தோளைப் பிடித்திருந்தாள். "இது நம்ம மர்ஜானா பையில்லே? வெள்ளைக்காரி எடுத்துட்டுப் போயிட்டாளா? எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கணுமே."

உள் ஜிப் திறந்தது. ஒரு சீட்டு வெளியே வந்தது. மர்ஜானாவுக்குக் காதில் 'ஙொய்' என்றது.

"கண்ணாடியைக் கொண்டாரலை. டேய் நிஜாமு, படிடா."

நிஜாம் வாசித்தான். அவன் மீசை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது.

"மளிகை லிஸ்ட்டு, லாத்தா."

"அதுக்கு ஏன்டா சிரிக்கிறே?"

"உப்பு வாங்கணுமாம்."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மர்ஜானாவுக்கு உயிர் வந்தது. கூடவே ஒரு கூச்சமும் வந்தது. மூன்றாவது அறைக்குள் ஆள் நுழைந்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி.

பிரிகிட்டே வந்து நீளமாக ஏதோ பேசினாள். ஹெல்கா பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தப் பை ராசியாம்," என்றான் நிஜாம். "சீசன் முழுக்க இதைக் காரிலே தொங்கவிடணுமாம். இத்தாலி, பெல்ஜியம், பிரான்ஸ். அக்டோபர்ல கூரியர்ல திருப்பி அனுப்புவாங்களாம். கேட்கிறாங்க, குடுத்துடு. உனக்கு வேற வாங்கித் தரேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உள்ளே இருக்கிற சீட்டை எல்லாம் நான் பத்திரமா வச்சுக்கறேன். இன்னும் எத்தனை இருக்கு?"

ஒரு நொடி மர்ஜானா அந்தப் பையை இத்தாலி மலையில் பார்த்தாள். அவள் போகாத ஊருக்கெல்லாம் அவள் சொல்லாத சொல்லெல்லாம் போகும். நல்லாத்தான் இருக்கும். அடுத்த நொடியில் முப்பத்திரண்டாவது சீட்டுக்கு ஒரு வரி வந்தது. நிஜாமுக்கானது. எழுதிப் போட அந்தப் பை வேண்டும்.

அவள் ஹெல்காவின் முன்னால் கையை நீட்டினாள். ஹெல்கா அந்தக் கையையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பையைக் கொடுத்தாள்.

மர்ஜானா உள் ஜிப்பைப் பாதி மூடிவிட்டு, அதே கையை நிஜாமின் சட்டைப் பைக்கு நேரே நீட்டினாள்.

"அந்த உப்பு லிஸ்ட்டைக் குடுங்க மச்சான். பை குடுக்கிறதுக்கில்லைன்னு மேடத்துக்கிட்டே சொல்லிடுங்க."