படுக்கவைத்தால் மட்டும் ஓடும் கம்ப்யூட்டர்

1

இந்தக் கதை எனக்கு ஷிப்ட் பஸ்ஸில் கிடைத்தது. சுரங்கத்தில் என்னோடு காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் கார்முகில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் தங்கை தமிழ்நிலா வீட்டிலேயே பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டியதையும் அது அவளைப் படுத்திய பாட்டையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். நான் கதை எழுதுகிறவன் என்று அவனுக்குத் தெரியும். இறங்கும்போது, "எழுதுடா. ஆனா அவளக் கேட்டுக்கினு எழுது" என்றான்.

கேட்டேன். எழுத எழுத அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். ஆகவே நீங்கள் படிப்பது அவள் கை வைத்த பிரதி. அவள் எங்கெங்கே அடித்தாள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்:

நிலக்கரித் தூசு எல்லாவற்றின் மீதும் படிந்துகிடந்த அந்த ஊரில், ஒரு பெண்ணின் கனவின் மீதும்

(இவ்வளவுதான் போனது. அன்று மாலையே குரல்செய்தி வந்தது: "அண்ணா, முத்தாண்டிக்குப்பத்துல எங்க வூட்ட சுத்தி முந்திரித் தோப்புதான் இருக்குது. தூசு எங்கருந்து வந்துச்சி? அப்புறம் கனவுன்னு எழுதாதீங்க. அது வேலை.")

இரண்டாவது தொடக்கம்:

கலியன் தன் மகள் தமிழ்நிலாவை

("அப்பா எதுக்கு மொதல்ல வராரு? பூட்டனது நானு.")

மூன்றாவது தப்பித்தது. அதை இங்கிருந்து படியுங்கள்.

தமிழ்நிலா டவுன்ஷிப் பக்கம் ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தாள். அவள் கோடு போட்ட வீடுகள் பண்ருட்டி வரைக்கும் எழும்பி, சுண்ணாம்பு அடித்து, வாழைமரம் கட்டி, ஆட்கள் குடியும் போய்விட்டார்கள். ஒரு பிளானிலும் அவள் பெயர் கிடையாது. ஒருநாள் முதலாளி பழனிவேலிடம், "சார், ஓரத்துல வரைஞ்சவர்னு என் பேரையும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர். அந்தக் கேள்விக்கு மட்டும் சிரித்துவிட்டார். "ஆபீஸ் பேரு இருக்கே, போதாதாம்மா?"

அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொண்டாள். குறிஞ்சிப்பாடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அமிர்தம் முன்னால் கடை, பின்னால் வீடு என்று ஒரு பிளான் கேட்டிருந்தார். தமிழ்நிலாவுக்குச் சொந்தமாக வந்த முதல் ஆள் அவர்தான். ஆள் வந்துவிட்டார், வரைய மெஷின் இல்லை.

3

எல்லாப் பாகமும் செருகும் பலகையான மதர்போர்டும் அதன்மேல் உட்காரும் ப்ராசஸரும் பழசு. ரேம் மட்டும் புதுசு. கேபினெட், அதாவது எல்லாவற்றையும் உள்ளே பூட்டும் தகரப் பெட்டி, திருவதிகையில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டி மேல் பரப்பிவைத்து கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு பீப். திரை வந்தது. அப்பா கலியன் சோற்றுத் தட்டோடு எழுந்துவந்து பார்த்தார்.

"இவ்ளோதானா கம்ப்யூட்டரு?"

"இவ்ளோதாம்பா. மீதியெல்லாம் டப்பா."

டப்பாவுக்குள் போட்டு மேசைக்கடியில் நிறுத்தியதும் ஆரம்பித்தது வினை. ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். உள்ளிருந்து விட்டு விட்டு பீப் பீப் என்று கத்தும். சில சமயம் அதுவும் கத்தாது.

ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டாள்.* ஓடியது. மேசைக்கடியில் வைத்தாள். மறுநாள் கத்தியது. போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியை மாற்றினாள். ஓடியது. அப்புறம் கத்தியது. கார்முகில் ஒரு நண்பனிடமிருந்து எஸ்எம்பிஎஸ்ஸை, கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, கடன் வாங்கி வந்தான். அதை மாட்டியதும் ஓடியது. "பார்த்தியா, கரண்டுதான் கோளாறு" என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனான். அவன் பஸ் ஏறியிருக்க மாட்டான், அது கத்தியது.

(* ரேம் என்பது மெஷின் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் பட்டை. அதன் ஓரத்தை ரப்பரால் தேய்ப்பது நம் ஊரில் கம்ப்யூட்டருக்குத் தரும் முதல் வைத்தியம். தலைவலிக்குத் தைலம் போல.)

அமிர்தம் போன் செய்துகொண்டே இருந்தார். "கொத்தனாரு வேற எடத்துக்குப் போயிடுவேன்றாரும்மா. எப்பத்தான் குடுப்ப?"

"ரிப்பேர் கடையில குடுத்துடும்மா" என்றார் கலியன். "இதுல இன்னா கௌரவம்?"

கௌரவம்தான் இருந்தது. ஏற்கெனவே ஒரு கடைக்காரரிடம் போனில் கேட்டிருந்தாள். அவர் கோளாறைக் கேட்பதற்கு முன்பே, "யாரு பூட்டனது? நீயா? அப்ப மொதல்லருந்து கழட்டணும்" என்று சொல்லிவிட்டார். கழற்றத்தான் வேண்டும் என்றால் அதைத் தானே கழற்றிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

4

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கோளாறைக் கார்முகில் கண்டுபிடிப்பதாக எழுதிப் பார்த்தேன். அவன் என் நண்பன். அதோடு, எஸ்எம்பிஎஸ் வாங்கிவந்ததற்குக் கதையில் பெரிய இடம் வேண்டும் என்று பஸ்ஸில் தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

குரல்செய்தி வரவில்லை. நேரிலேயே வந்துவிட்டாள்.

"அழிங்க."

அழித்தேன். பிறகு அவள் உட்கார்ந்து அழுததாக ஒரு வரி எழுதினேன். அதையும் அழிக்கச் சொன்னாள். "நான் அழல. கோவம் வந்துச்சி. தரையில உக்காந்துக்கினு யோசன பண்ணேன்."

நடந்தது அதுதான்.

தமிழ்நிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்தப் பெட்டி. அமிர்தத்தின் பிளானில் சமையலறைச் சுவர் பாதியில் நின்றிருந்தது. ரப்பரால் தேய்த்தாள், ஓடியது. பேட்டரி, ஓடியது. எஸ்எம்பிஎஸ், ஓடியது. மூன்றும் வேறுவேறு வைத்தியம், மூன்றுக்கும் குணமானது. அது எப்படி? ஒரு காய்ச்சலுக்கு எல்லா மாத்திரையும் கேட்குமா?

அப்போது உறைத்தது. மூன்று தடவையும் மருந்துதான் வேறு. நோயாளியை அவள் வைத்திருந்த விதம் ஒன்றே. கழற்றிப் பூட்ட வசதியாகப் பெட்டியைப் படுக்கவைத்திருந்தாள்.

எதையும் தொடாமல் பெட்டியைப் படுக்கவைத்து ஆன் செய்தாள். ஒரு பீப். திரை வந்தது. அணைத்து, நிமிர்த்தி, ஆன் செய்தாள். கத்தியது. மறுபடி படுக்கவைத்தாள். ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா! நான் பண்ண வைத்தியம் எதுவுமே கேக்கலப்பா. படுத்தாத்தான் ஓடுது இது!"

"நைட் ஷிப்ட் பார்த்திருக்கும்" என்றார் கலியன் உள்ளேயிருந்து.

போர்டை முழுதாக வெளியே எடுத்தாள். பெட்டியின் அடித்தகட்டில் போர்டைத் தாங்குவதற்குக் குட்டிக் குட்டியாகப் பித்தளைக் கால்கள் திருகியிருக்கும். போர்டில் இருக்கும் ஓட்டைகளுக்கு நேராக அவை வரவேண்டும். அவள் போர்டில் ஓட்டை ஆறு. பெட்டியில் கால் ஏழு. பிரவுசிங் சென்டர்காரர் வேறு அளவுப் போர்டுக்காகப் போட்டுவைத்த ஒரு கால், ஓட்டையே இல்லாத இடத்தில் போர்டின் முதுகுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. பெட்டி படுத்திருக்கும்போது மயிரிழை விலகியிருக்கும். நிமிர்த்தினால் ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேனின் கனத்தில் போர்டு லேசாக வளைந்து அதன்மேல் உரசும். கரண்ட் போகக்கூடாத வழியில் போகும். போர்டைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில், நகத்தால் கீறியது மாதிரி ஒரு சின்னப் பளபளப்பு.

குறடால் அந்தக் காலைத் திருகி எடுத்தாள். பூட்டினாள். நிமிர்த்தினாள்.

ஒரு பீப்.

அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் ஒன்று. கலியனைக் கூப்பிட்டு அவரையே ஸ்விட்சை அழுத்தச் சொன்னாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். திரை வந்ததும், தெருவில் போன பட்டம்மாளை நிறுத்தி, "எம் பொண்ணு பூட்டன கம்ப்யூட்டரு. வந்து பார்த்துட்டுப் போ" என்றார்.

(பட்டம்மாள் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் வந்து பார்த்தார். இதை எடுத்துவிடலாமா என்று தமிழ்நிலாவிடம் கேட்டேன். "எடுத்தீங்கன்னா பேசமாட்டேன்" என்றாள்.)

5

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

இரண்டுக்கும் பொதுவானது இது: அமிர்தம் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து நேரிலேயே வந்து திரையைப் பார்த்தார். "கடையில உக்காந்து சாப்புடறவங்களுக்கு எங்க வூட்டு அடுப்பு தெரியக்கூடாது" என்றார். தமிழ்நிலா ஒரு சுவரை நகர்த்திக் காட்டினாள். லைசென்ஸ் உள்ள வேறொரு இன்ஜினியர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில், வரைந்தவர் க. தமிழ்நிலா. அதை அமிர்தம் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். கொத்தனார் நூல் பிடித்தாயிற்று.

அதே தாள் எப்படியோ பழனிவேல் கண்ணில் பட்டிருக்கிறது. போன் செய்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. திரும்ப வந்துடேன். பேரு போட்டுக்கலாம்."

முடிவு அ: அவள் போகிறாள். முதல் நாள் தன் மேசையில் உட்கார்ந்து

முடிவு ஆ: அவள் போகவில்லை. முத்தாண்டிக்குப்பம் வீட்டு வாசலில் ஒரு பெயர்ப்பலகை

இரண்டையும் அனுப்பினேன். இரண்டும் அடிபட்டுத் திரும்பின. போன் போட்டேன்.

"எதுன்னு நீயே சொல்லு. அதையே வச்சுடறேன்."

"எனக்கே தெரியல அண்ணா. சார்கிட்ட யோசிச்சி சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"எப்ப சொன்ன?"

"அது ஆச்சி, ரொம்ப நாளு. நேத்துகூட கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"யோசிச்சிக்கினே இருக்கேன் சார்னு சொன்னேன்." சிரிப்பை அடக்குவது கேட்டது. "நல்லாத்தான் இருக்குது அண்ணா இது. எத்தினியோ வாட்டி அவரு கேபின் வாசல்ல நான் நின்னுக்கினு இருந்திருக்கேன். கொஞ்ச நாளு இப்டியே போகட்டுமே."

"அப்ப கதைய எப்படிம்மா முடிக்கிறது?"

"எதுக்கு முடிக்கணும்? எனக்கு இப்ப வேலை இருக்குது, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

போவாளா, மாட்டாளா என்ற அந்தப் பதிலை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமே இல்லை. பழனிவேல் சார் காத்திருப்பார்.